மண்டை சிறுத்தாலும் மவுசு குறையாது

கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்றொரு நாய் இனம். பெயரிலேயே ராஜா உட்கார்ந்திருக்கிறார், இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ். பெரிய கண், உருண்ட தலை, பட்டுப்போலத் தொங்கும் காது. எல்லாம் கச்சிதம். மூளைக்குத்தான் மண்டையில் இடம் போதவில்லை. போகட்டும், அழகுப் போட்டிக்கு மூளை எதற்கு? நடத்துகிறவர்களே அதில்லாமல் சமாளிக்கவில்லையா?

மண்டையோட்டின் பின்பக்கம் குறுகியதால் சிறுமூளை கழுத்துப் பக்கம் பிதுங்குகிறது. மூளைத் திரவம் ஓட வழியில்லாமல் பல நாய்களுக்குத் தண்டுவடத்துக்குள்ளேயே குழி பறித்துத் தேங்குகிறது. சிரிங்கோமைலியா என்று பெயர். கழுத்துப்பட்டை உரசினால் அலறும். நடந்துகொண்டிருக்கும்போதே பின்னங்காலைத் தூக்கித் தோள் பக்கம் காற்றைச் சொறியும். நகம் தோலில் படவே படாது. "என்னமா டான்ஸ் ஆடுது!" என்று அதையும் வீடியோ எடுப்பார்கள்.

இது கடவுள் கொடுத்த நோயல்ல, கண்காட்சி கொடுத்தது. 1926-ல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கப் பணக்காரர், பழைய ஓவியங்களில் இருப்பதுபோன்ற நீள மூக்கு ஸ்பேனியலுக்கு, லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்களை வைத்து வம்சத்தைப் பெருக்கினார்கள். பரிசு வாங்கிய ஆண் நாய்க்கே திரும்பத் திரும்பச் சம்பந்தம். குறையும் பரம்பரைச் சொத்தாகிவிட்டது.

அப்பன்-மகள், அண்ணன்-தங்கை கூடிப் பிறந்த குட்டிகளைப் பதிவுசெய்ய மாட்டோம் என்று பிரிட்டனின் கென்னல் கிளப் 2009-ல் விதி போட்டது. கிளப் பிறந்தது 1873-ல். ஞானோதயத்துக்கு 136 வருஷம்! அதுவும் தானாக வந்ததா? முந்தைய வருஷம் பிபிசி ஆவணப்படம் மானத்தை வாங்கியது. நோய் இருப்பது ஸ்கேனில் தெரிந்த பிறகும் ஒரு சாம்பியன் நாய் குட்டிகளுக்குத் தகப்பனாக்கப்பட்டதைப் படம் அம்பலப்படுத்தியது. உடனே கவலியர் வளர்ப்பவர்களின் கிளப் பொங்கி எழுந்தது. நாயை வதைத்தவர்கள்மேல் என்றா நினைத்தீர்கள்? படத்தில் உண்மை பேசிய பெண்மணியைக் கமிட்டியிலிருந்து ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். மூளை குறுகியது எந்தப் பிராணிக்கு என்றே சந்தேகம் வருகிறது.

கவலியரைக் கவலியரோடு சேர்த்துக் குட்டி போட வைப்பது விலங்குநலச் சட்டத்துக்கு விரோதம் என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. நாய்க்கு வலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வைக்க உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது, பாருங்கள்.

கவலியர் குட்டி வாங்க ஆசையா? வம்சாவளிச் சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள். தாய், தகப்பன் இரண்டுக்கும் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைக் கேளுங்கள். இல்லை என்றால், பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.