மாடி எழுப்பியல்: எஸ்டிமேட் சுவடிகள் குறித்து ஒரு முன்னாய்வு

நூலென்றால் பாயிரம் வேண்டும், பாயிரமென்றால் எல்லை சொல்ல வேண்டும். இவ்வாய்வின் எல்லை வருமாறு: வடக்கே பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு, தெற்கே தெருக்குழாய், கிழக்கே ஈ.பி. கம்பம், மேற்கே மூடி உடைந்த சாக்கடை. மேலெல்லையைப் பொறுத்தவரை, சாதாரணக் கட்டடத்தின் பரப்பு மனையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள். விதி எழுதியவர் வேறு, மொட்டை மாடியில் கம்பி விட்டவர் வேறு என்பதால் அதைப் பற்றி இனிப் பேச்சில்லை. கேட்போர்: வீட்டுக்கடன் தவணையில் இருப்போர். பயன்: பின்னர்க் கூறப்படும் (கூறப்படவில்லை).

இத்துறைக்கு மூலநூலாக எல்லோரும் எடுத்து நீட்டுவது வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்ற பழமொழியை. கூர்ந்து நோக்கினால், கட்டிய வீட்டின்மேல் மாடி எழுப்புவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அது ஓட்டு வீட்டுக் காலத்தது எனத் துணியலாம். ஒரு நூல் சொல்லாமல் விட்டதைக் கொண்டு அதன் காலத்தை முடிவு செய்வது நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட முறைதான். நல்ல நெறியாளர் வாய்த்தால் இந்த ஒரு பத்தியே முந்நூறு பக்கம் விரிந்து முனைவர் பட்டம் வாங்கித் தரும்.

இனிச் சான்றுகள். எஸ்டிமேட் சுவடிகள் பெரும்பாலும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிடைக்கின்றன. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். எஸ்டிமேட்டைத் தேடிப் பரண்வரை ஏறியவரும் இல்லை. கீழ்த்தளத்தின் மூல வரைபடம் எங்கே என்று கேட்டால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது என்பார்கள். வெள்ளமே வராத தெருக்களிலும் இவ்விடை கிடைப்பதால், கடல்கோள் பற்றிய நம் பழைய செய்திகளையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

முச்சங்கமும் முறையே 4440, 3700, 1850 ஆண்டு நடந்தன என்பது இறையனார் களவியல் உரை தரும் கணக்கு. இவ்வெண்களை மெய்ப்பிக்கவும் மறுக்கவும் அறிஞர்கள் செலவிட்ட காகிதத்தில் ஒரு வார்டுக்கே எஸ்டிமேட் எழுதியிருக்கலாம். மூன்றையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள்: 120, 100, 50. மீதியே இல்லை. உண்மையில் நடந்த எதுவும் இவ்வளவு அடக்க ஒடுக்கமாக வகுபடாது. இதே உரைகல்லில் எஸ்டிமேட்டை உரசுவோம். எஸ்டிமேட் தொகை எப்போதும் ஐம்பதாயிரத்தால் வகுபடும். வேலை முடிந்தபின் ஆன செலவோ பகா எண்.

ஆகவே எஸ்டிமேட் செங்கல்லை எண்ணிப் பிறந்ததன்று. மேஸ்திரி காபி டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்கும் முதல் கேள்வியே அதன் தோற்றுவாய்: “கையில எவ்வளவு சார் வெச்சிருக்கீங்க?” வீட்டுக்காரர் இரண்டு லட்சம் குறைத்துச் சொல்கிறார். மேஸ்திரி மனசுக்குள் அந்த இரண்டைக் கூட்டிக்கொண்டு, சொன்ன தொகையையே எஸ்டிமேட்டாகத் திருப்பித் தருகிறார். அதற்குமேல் ஐந்து இழுக்கும் என்று அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். முழுத் தொகையை முதல் நாளே சொல்லிவிட்டால் தமிழ்நாட்டில் ஒரு மாடியும் எழும்பாது. மேஸ்திரியைப் பொய்யர் என்போர் இந்த உடன்பாட்டின் அருமை அறியாதவர்கள்.

சதுர அடி விஷயத்தில் இரண்டு பள்ளிகள் உண்டு. உள்ளளவுப் பள்ளியின்படி பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. வெளியளவுப் பள்ளி நாற்புறமும் ஒன்பது அங்குலச் சுவரைச் சேர்த்து, பதினொன்றரைக்குப் பதிமூன்றரை எனப் பிடித்து, 155 சதுர அடி என்னும். நாம் கட்டில் போடுவது முதல் பள்ளியில், காசு கொடுப்பது இரண்டாவதில். சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் எந்தப் பள்ளியிலும் சேராமல் எக்ஸ்ட்ரா என்ற தனிப் பிரிவில் அடங்கும். (ஒப்பு நோக்குக: வடக்குச் சுவர்ச் சாசனம், கரி எழுத்து, ஜன்னலுக்கு இடப்புறம், நான்காம் வரி, கலவை தெறித்ததால் இறுதி எண் சிதைந்துள்ளது. 6 என்றும் 8 என்றும் பாடபேதம். மேஸ்திரி 8 என்ற பாடத்தைக் கொள்வர்.)

இடைச்செருகல்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டாச்டு பாத்ரூம் மாமியார் கைச்செருகல். லாஃப்ட் வீட்டம்மா கை. மைத்துனர் எதையும் செருகுவதில்லை. தம் வீட்டை இதைவிடக் குறைவாகக் கட்டியதை மட்டும் சொல்வார். அந்த ரேட் அவர் சொல்லும் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18க்கு இறங்கியது; அந்தச் செய்தி மட்டும் இன்னும் எந்தச் சுவடிக்கும் வந்து சேரவில்லை.

இவ்வாய்வின் உயிர்நாடியான பொருளுக்கு வருகிறேன்: மொட்டை மாடியில் நீட்டி விட்ட கம்பி. உலகில் பிற இனத்தார் எதிர்காலத் திட்டத்தைத் தாளில் எழுதுவார்கள். நாம் வானத்தில் எழுதுகிறோம். கம்பியின் விட்டத்தைப்போல் 50 மடங்கு நீளம் மேலே விட வேண்டும் என்பது களத்து வழக்கம். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு அது ஏறக்குறைய இரண்டடி. தூண் ஒன்றுக்கு நான்கு கம்பி என்றால், நாளைய மாடிக்கென இன்று வாங்கி நிறுத்துவது தூணுக்கு இரண்டு கிலோ இரும்பு. இதுவே குடும்ப பட்ஜெட்டின் முதல் ஒதுக்கீடு. மறு ஒதுக்கீடு மகன் தலையெடுத்த பின்.

இடைப்பட்ட காலத்தில் கம்பி சும்மா இருப்பதில்லை. அதன் வாழ்வை நிர்வாணக் கம்பி, கொடிக்கம்பி, டிஷ் கம்பி, தொப்பிக் கம்பி எனப் பகுக்கலாம். கொடிக்கம்பியில் துணிக்கொடி, பாகல் கொடி, கட்சிக் கொடி என உட்பிரிவு மூன்று. தொப்பிக் கம்பி என்பது தலையில் பாட்டில் கவிழ்த்தது. பானை ஓட்டைக் கொண்டு ஊரின் காலம் சொல்வதுபோல் பாட்டிலைக் கொண்டு வீட்டின் காலம் சொல்லலாம் என்பது என் துணிபு. கண்ணாடி பாட்டிலைக் கடையில் திருப்பித் தந்தால்தான் டெபாசிட் காசு வரும், எனவே யாரும் அதைக் கம்பிக்கு அணிவிக்க மாட்டார்; ஆகவே தொப்பிக் கம்பி பிளாஸ்டிக் காலத்துக்குரியது. இதை மறுப்போர் தம் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டும் சான்று ஒன்று உண்டு: வாட்ஸ்அப் குரல்பதிவு, இரண்டாம் பாகம், முற்பகுதி முழுதும் மிக்சர் மெஷின் ஓசை, நடுவே சித்தாள் ஒருவர் வெற்றிலை கேட்கும் பகுதி, அதன்பின் “அது எங்கப்பா காலத்து பாட்டிலு” என்ற தொடர். அது பிற்சேர்க்கை. சித்தாள் வெற்றிலை கேட்ட பகுதி மட்டுமே மூலபாடம் என்பதை வேறோர் இடத்தில் நிறுவியிருக்கிறேன்.

பாட்டில் மழையைத் தடுக்கும், காற்றின் ஈரத்தைத் தடுக்காது. நீர்த்த கலவையில் மூடி வைத்த கம்பி தப்பிக்கும். மற்றவை உப்பித் தோல் உரிந்திருக்கும். தூணின் தலையைக் கொத்தி, உள்ளே நல்ல கம்பியைத் தேடிப் பிடித்துத்தான் மேலே இணைக்க முடியும். இந்தக் கொத்தலுக்கு எஸ்டிமேட்டில் வரி கிடையாது. அதைவிடப் பெரிய கேள்வி, கீழே போட்ட அஸ்திவாரம் இரண்டு தளத்துக்குப் போட்டதா என்பது. அப்பா கம்பி விட்டிருக்கிறார் என்பதே விடை என்று குடும்பங்கள் கொள்கின்றன. இஞ்சினியர் குழி தோண்டிப் பார்க்கச் சொல்கிறார். உரையாசிரியர் சொன்னால் சரிதான் என்று இருந்துவிடும் நமக்கு மூலத்தைத் தோண்டுவது புது வழக்கம்.

எஞ்சியவை: வயரிங், சுவர் பூசிய மறுநாள் உடைப்பதற்குரியது. பெயிண்ட், இதற்குப் பணம் மிஞ்சியதாகச் சான்று இல்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேஸ்திரி கரியால் எழுதிய கணக்கெல்லாம் உங்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. பட்டி பார்க்கும் ஆள் வருவதற்கு முதல் நாள் அதைப் போனில் படம் பிடித்து வையுங்கள். கடைசித் தவணை கேட்டு அவர் வரும்போது உங்கள் பக்கம் நிற்கும் ஒரே சான்று அதுதான்.