கடலோர வீடும் காப்புறுதியும்

கேள்வி: ஜோகூர் நீரிணைக்குப் பக்கத்தில் வீடு. இதுவரை வாசல்படிவரை கூடத் தண்ணீர் வந்ததில்லை. வெள்ளக் காப்புறுதி எடுக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், மாசாய்

பதில்: எடுங்கள். வெள்ளம் முன்அனுபவம் கேட்டுவிட்டு வருவதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து மூழ்கிய கோத்தா திங்கி இருப்பது கடலோரத்தில் அல்ல, ஆற்றோரத்தில். நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தால், தண்ணீர் லோங்காங் வழியாகப் பின்வாசலுக்கு வரும். கனமழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால் மழைநீர் வடிய வழியேது?

முதலில் கையிலுள்ள பாலிசியைப் படியுங்கள். சாதாரணத் தீ காப்புறுதியில் வெள்ளம் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். ‘ஹவுஸ்ஓனர்’ பாலிசியில் வெள்ளம் உண்டு, ஆனால் கட்டடத்துக்கு மட்டும். சோபாவும் டிவியும் நனைந்தால் ‘ஹவுஸ்ஹோல்டர்’ வேண்டும். “வீட்டுக் கடனோடு எடுத்த எம்ஆர்டிஏ காப்புறுதி இருக்கிறதே” என்பீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தால் அது கடனை அடைக்கும்; சுவர் போய்ச் சேர்ந்தால் அடைக்காது.

தொகையைச் சந்தை விலைக்குப் போடாதீர்கள், திரும்பக் கட்டும் செலவுக்குப் போடுங்கள். வெள்ளம் மனையைத் தூக்கிக்கொண்டு போகாது. காருக்கும் வெள்ளத்தைத் தனியாகச் சேருங்கள்.

எல்லாவற்றையும் மழைக்காலம் தொடங்கும் நவம்பருக்கு முன் முடித்துவிடுங்கள். தண்ணீர் படியேறிய பிறகு அழைத்தால், ஏஜெண்ட் போனை எடுப்பார். பாலிசியை எடுத்துத் தர மாட்டார்!