வாளி வைத்த வகையில்

சென்ற வாரம் என் வீட்டு முதலாளி எனக்கு நஷ்டஈடு கொடுத்தார். அரை டின் வெள்ளைச் சாயம். மீதி அரை டின் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. தீபாவளிக்குப் போயிருந்தபோது அவர் வீட்டு ஹால் பளிச்சென்று இருந்தது. டின்னை வாசலில் வைத்துவிட்டு, "கறை மேல ரெண்டு கோட்டு அடிச்சிடு தம்பி, ஒண்ணும் தெரியாது" என்றார். கறைக்கு மேலே கூரை, கூரையில் ஓட்டை, ஓட்டைக்கு மேலே பருவமழைக்காலத்து ஜோகூர் வானம். இதில் மறைக்கவேண்டியது கறையை மட்டும்தானாம்.

ஒழுகும் வீட்டுக்கு நியாயமான நஷ்டஈடு எவ்வளவு என்று கணக்குப் போட ஒரு வழி வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை.

மாசாயில் ஒரு தாமான், அதில் ஒரு வரிசை வீடு. முன்பக்கம் ஓட்டுக் கூரை. பின்பக்கம் யாரோ ஒரு காலத்தில் சமையலறையை நீட்டித் தகரம் போட்டிருக்கிறார்கள். ஓடும் தகரமும் சேருமிடத்தில் பூசிய சிலிக்கோன் வெயிலில் காய்ந்து வெடித்துப்போய்விட்டது. மழைநீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி, சீலிங் பலகை மேல் குளம் கட்டி, பிறகு தனக்குப் பிடித்த இடமாகப் பார்த்துச் சொட்டுகிறது. அதற்குப் பிடித்த இடம் அரிசி மூட்டை.

இங்கே பாத்திரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலில் வாளி வைத்தோம். வாளியை வைத்துவிட்டால் குளிக்க வாளி இல்லை. ஆகவே அடுத்த ஒழுக்குக்கு மைலோ டின். காலி மைலோ டின்னில் விழும் சொட்டு, தமிழ்ப்பள்ளி மணி மாதிரி அக்கம்பக்கம் வரை கேட்கும். உள்ளே துணி போட்டால் சத்தம் அடங்கும். துணி ஊறி ஒரு பக்கம் ஒதுங்கினால் டின் சாயும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். அகலம் உண்டு, ஆழம் போதாது, தெறிக்கும். மாவு கரைக்கும் சட்டியை நெருங்கவே மனைவி விடவில்லை. பொங்கல் பானையைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. சாமி காரியத்துக்கு வைத்த பானையில் கூரைத் தண்ணியா? ஆனால் ஒரு நாள் ராத்திரி இடியோடு மழை கொட்டியபோது அந்தப் பானையை அவளே கொண்டுவந்து வைத்தாள். நஷ்டத்தின் அளவு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடைசியாக வந்தது மாமியார் சீராகக் கொடுத்த எவர்சில்வர் தூக்குச்சட்டி. பக்கவாட்டில் அவர் பெயர் வெட்டியிருக்கும். ஒழுகுகிற இடத்தைப் படமெடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மாமியார் பெயரும் அதில் தெளிவாக விழுந்துவிட்டது. "நல்ல கனமான சட்டி தம்பி, இப்பல்லாம் இது கெடைக்கிறதில்ல" என்று பதில் வந்தது. கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வீட்டுக்கு வரும் உறவினர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. வாளியை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளு என்பார் ஒருவர். அடியில் பழைய துண்டை விரி என்பார் இன்னொருவர். ஈப்போ சித்தப்பா தன் வீட்டில் எந்தப் பாத்திரம் எந்த ஒழுக்குக்கு என்று பாடமே நடத்திவிட்டுப் போனார். முதலாளியிடம் பணம் கேள் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நீங்களும் சொல்லமாட்டீர்கள், எனக்குத் தெரியும். நிறைந்த வாளியை நடுராத்திரி யார் எழுந்து கொட்டுவது என்பதில் நல்ல குடும்பங்களே பேச்சுவார்த்தை நின்று கிடக்கின்றன. கொட்டுகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்று கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினோம். அது முதலாளி காதுக்குப் போய், "அப்ப தண்ணி பில் கொறஞ்சிருக்குமே தம்பி" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்காமல் இல்லை. "அண்ணே, அவசரமில்ல, நேரம் கெடைக்கும்போது கூரையைக் கொஞ்சம்" என்று ஆரம்பித்து, கும்பிடும் கை படம் ஒன்றும் போட்டு அனுப்புவேன். "ஆள் வருவாரு" என்று பதில் வரும். ஆள் கூலாயில் வேலையாக இருப்பார். ஆளுக்கு இடுப்பு பிடித்திருக்கும். ஆளின் மச்சானுக்குக் கல்யாணம். ஒரு நாள் ஆள் நிஜமாகவே வந்தார். அண்ணாந்து பார்த்தார். "ஒழுகுது" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்சம் குரலை உயர்த்தினால் முதலாளி 2023 மார்ச் வெள்ளத்தை எடுத்துவிடுவார். "பத்து பகாட்லயும் யோங் பெங்லயும் ஆயிரக்கணக்கான ஜனங்க வீட்ட விட்டு ஓடினாங்க. உனக்கு நாலு சொட்டு!" பத்து பகாட்டில் தண்ணீர் தரையிலிருந்து ஏறியது, எனக்குத் தலையிலிருந்து இறங்குகிறது என்று சொல்ல வாயெடுப்பேன். ஆனால் வெள்ளத்தில் தவித்தவர்களை இழுத்துவிட்ட பிறகு, அரிசி மூட்டையைப் பற்றிப் பேச எந்த மனிதனுக்கு நாக்கு வரும்?

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினேன். இது அடுக்குமாடி வீடாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்க வைத்துவிட்டது. அடுக்குமாடி நிர்வாகத்துக்கென்று 2015இல் விதிமுறைகள் வந்திருக்கின்றன. சீலிங் ஒழுகுகிறது என்று அறிவித்தால் ஏழு நாளுக்குள் நிர்வாகத்தார் வந்து பார்க்கவேண்டும். மறுத்துக் காட்டும்வரை கோளாறு மேல்வீட்டில் என்றே வைத்துக்கொள்ளவேண்டும். என் வீட்டுக்கு மேல்வீடு வானம். வருண பகவானுக்கு எந்த முகவரியில் நோட்டீஸ் அனுப்புவது?

பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும். ஆனால் நிலபுலன் உரிமை என்று வந்துவிட்டால் அதற்கு அதிகாரமில்லை, வீட்டு வாடகைத் தகராறோடு போகிறவர்கள் வாசலோடு திரும்புகிறார்கள். மிஞ்சுவது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். கூரையைப் பழுதுபார்ப்பது முதலாளி பொறுப்பு என்று என் வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால், அதனால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்கிறது 74ஆவது பிரிவு. கையோடு ஒரு விளக்கமும் வைத்திருக்கிறது: அசௌகரியத்தைச் சரிசெய்துகொள்ள என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டுமாம். வைத்தேனே ஐயா, வாளி! பொங்கல் பானை வரை வைத்தேனே!

5,000 வெள்ளிக்கு உட்பட்ட வழக்கென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நாமே தொடுக்கலாம். 198ஆம் எண் பாரம். எடுத்து வைத்திருக்கிறேன். பெயர் எழுதியாயிற்று. பிரதிவாதி என்ற இடத்தில்தான் பேனா நிற்கிறது. எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு மொய் எழுதிய மனிதர்.

சரி, வாடகையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வாடகை பாக்கி விழுந்தால் நீதிமன்ற வாரண்ட் வாங்கி வாடகைக்காரன் சாமான்களை ஜப்தி செய்ய முதலாளிக்கு 1951ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஜப்திக்கு வருகிறவர் முதலில் எதைத் தூக்குவார்? நல்ல கனமான சட்டி, இப்போதெல்லாம் அது கிடைப்பதில்லை.

வாடகைக்காரனுக்கென்று தனிச் சட்டம் வரும் என்று வீடமைப்பு அமைச்சு பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆள் வருவார் என்றும் அப்படித்தான் சொன்னார்கள். சட்டம் வருகிறதோ இல்லையோ, சிங்கப்பூரிலிருந்து புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயில் வரப்போகிறது. அது வருவதற்கு முன்பே மாசாயில் என் வாடகையை ஏற்றப்போவதாகத் தகவல் வந்துவிட்டது. புக்கிட் சாகார் எங்கே, மாசாய் எங்கே!

நேற்று முதலாளி மறுபடி வந்தார். சாயம் அடித்தாயா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சமையலறையில் உட்கார்ந்து, மைலோ டின்னைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, "தம்பி, நீ சட்டமெல்லாம் பாக்குறியாமே" என்றார். வேலை நாட்களில் அவர் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அங்கே ஏர்கோன் தண்ணீர் சொட்டி மெத்தை நாசமாகிவிட்டதாம். "மாசக்கணக்கா சொல்றேன் தம்பி. ஆள் வருவான், ஆள் வருவான்னே சொல்றான். இது நியாயமா? மனுஷன் தூங்க வேணாம்?"

நியாயமில்லைதான் என்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிறு வழக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறை அது எடுத்துக்கொள்ளும், 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கேட்கலாம் என்றும் சொன்னேன். அவர் சொல்லச் சொல்ல நானே கடிதம் எழுதினேன். அதற்கு என் கணக்கைத்தான் போட்டேன். ஈரமான இடம், வாடகை, மாதம், மெத்தை எல்லாம் சேர்த்து ஒரு தொகை வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "ரொம்ப நியாயமா இருக்கு தம்பி. ஒரு காசு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"அண்ணே, இதே கணக்க இந்த வீட்டுக்கும்…"

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அது சிங்கப்பூர் வெள்ளி தம்பி."