நாள்பட்ட நோயோடு எழுத்தாளராவது எப்படி?

முதலில் நல்ல நோயாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இலக்கியத்தில் காசநோய்க்கு இருக்கிற மரியாதையே தனி. செகாவ் 44 வயதில், காஃப்கா 40 வயதில், 1948-இல் திருவனந்தபுரத்தில் நம் புதுமைப்பித்தன் 42 வயதில் என்று பெரிய தலைகளெல்லாம் அதில்தான் போயின. என்னைப் போல் முடக்குவாதம் வாய்த்தவர்கள் பாவம். கைக்குட்டையில் ரத்தம் தெரியும் காட்சியெல்லாம் நமக்குக் கிடையாது; ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடும் காட்சிதான். அதற்கு எந்த வாசகர் அழுவார்?

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எழுதச் சொல்லும் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். நமக்குக் காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும். வெந்நீரில் கையை முக்கி, விரல்களை ஒவ்வொன்றாக வழிக்குக் கொண்டுவந்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றுவதற்குள் மனதில் வந்த வரி கிளம்பிப் போயிருக்கும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். அது ஞாயிறு என்றால் திங்களன்று வயிற்றைப் புரட்டும். திங்கட்கிழமை கெடு வைக்கும் பத்திரிகை ஆசிரியருக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கை வராவிட்டால், சொல்லச் சொல்ல எழுத ஆள் வையுங்கள். சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா.வுக்குக் கண்புரை வந்து பார்வை மங்கியபோது எழுதிக்கொடுத்தவர் தங்கை சேது அம்மாள். பிறகு தங்கையும் சிறுகதை எழுதிப் பேர் வாங்கிவிட்டார். ஆகவே யோசித்து ஆள் வையுங்கள். செல்போனிடம் சொன்னால் இந்தப் போட்டி இல்லை. ‘மூட்டு’ என்றால் ‘மாட்டு’ என்று போடும், அவ்வளவுதான்.

“இவ்வளவு வலியிலும் ஏன் எழுதறீங்க?” என்று கூட்டத்தில் யாராவது மைக்கை நீட்டுவார்கள். “எழுத்துதான் எனக்கு மருந்து” என்று சொல்லுங்கள், கைதட்டல் நிச்சயம். பொய்தான். எழுதி எந்த வீக்கமும் வற்றியதில்லை. மறுநாள் மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் பெருக்கும். “மற்ற நோயாளிகளுக்கு நம்பிக்கை தர” என்பதும் எடுபடும். டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் நம்பிக்கை எதற்கு? முன்னால் எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும்.

உண்மைக் காரணத்தை மேடையில் சொல்லாதீர்கள், அவ்வளவு கௌரவமாக இருக்காது. டாக்டர் விரல் கணுக்களை அழுத்திப் பார்த்து, “வலி பத்துக்கு எத்தனை?” என்பார். ஆறு என்போம். ஏன் ஆறு என்று நமக்கே தெரியாது. ரத்தப் பரிசோதனையில் வீக்கத்தைக் காட்டும் இ.எஸ்.ஆர். இறங்கியிருக்கும். “நல்லாத்தானே இருக்கீங்க” என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வெளியே கூட்டம். ஆனால் புடவைக்கு ஊக்கு குத்த முடியாமல் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தோமே, அது ஃபைலில் ஏறாது. கேட்டவர்களிடம் தலைவலி என்று சமாளித்ததும் ஏறாது. அதையெல்லாம் எங்கேயாவது ஏற்றியே தீருவேன் என்கிற வீம்பு இருக்கிறதே, என் இலக்கியக் கொள்கை அதுதான். அமெரிக்கக்காரர் ஃபிளானரி ஓகானர் லூபஸ் நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கதைத் தாள்களைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துத் திருத்தினார். 1964-இல் இறந்தபோது வயது 39. தலையணைக்கு அடியில் தின்பண்டத்தை ஒளிப்பார்கள். மருந்தை யாராவது ஒளிப்பார்களா?

இன்னொரு சில்லறைக் காரணமும் உண்டு: உறவுக்காரர்கள். கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கில் சூப் வைத்துக் குடித்தால் ஒரே மண்டலத்தில் ஓடலாம் என்கிற பெரியப்பாவை எதிர்த்துப் பேச முடியாது. கதையில் போடலாம். மீசையையும் ஊரையும் மட்டும் மாற்றிவிடுங்கள். அச்சானதும் படித்துவிட்டு அவரே ஃபோன் போடுவார்: “கதை கெடக்கட்டும்மா, கெழங்கு வாங்குனியா, இல்லியா?” வாங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள். அந்த ரோமக் கிழங்கைத் தோல் சீவ இந்த விரல்களால் முடியாது என்பதை அடுத்த கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.