பின்கோட்டுக்குள் ஒரு பூட்டு

எங்கள் பின்கோடு 600059. 3, 7, 11, 13 எதுவும் வகுக்கவில்லை. பகா எண்தானே? – கிழக்குத் தாம்பரம் வாசகர்

13-லேயே களைத்துவிட்டால் எப்படி? 2 தொடங்கி முதல் 100 பகா எண்களும் இதனிடம் தோற்றுப்போகும். 101-வது பகா எண் 547. அதுதான் மீதியின்றி வகுக்கிறது: 547 × 1097. மொய் எழுதுகிற ஊரில் இருந்துகொண்டு நூறோடு நிறுத்தலாமா?

பெருக்க அரை நிமிடம், பிரிக்கத்தான் பெரும்பாடு. நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணில் அந்தப் பாடு எவராலும் முடியாது என்ற நம்பிக்கையில்தான் 1977-இல் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியப் பூட்டு பிறந்தது. ஆனால் பகா எண்ணா இல்லையா என்பதை மட்டும், காரணிகளைத் தேடாமலே விரைவாகவும் உறுதியாகவும் சொல்லிவிடலாம். 2002-இல் அதை நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. பின்னவர் இருவரும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள்!

தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், 600045? – மேற்குத் தாம்பரம் வாசகர்

5-இல் முடிகிற எண்ணிடம் என்ன ரகசியம் தங்கும்? 3 × 5 × 109 × 367.

சிட்லபாக்கம் 600064-க்கு ஏதாவது பெருமை உண்டா?

பாதியாக்கிக்கொண்டே போங்கள். 11 முறை மீதியே வராது. கடைசியில் 293 என்ற பகா எண் நிற்கும். 600-இல் தொடங்கும் ஆறிலக்க எண்களில் இத்தனை முறை பாதியாவது உங்கள் ஊர் எண் ஒன்றே.