ஐந்து கோல் ஃபார்வர்ட்

கேள்வி: முப்பத்தாறு ஆட்டம் ஆடி ஐந்தே கோல் அடித்த ஷின்ஜி ஒகஸாகியை இப்படித் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்களே! கோல் அடிக்காத ஃபார்வர்ட் ஒரு அணிக்கு எதற்கு?

பதில்: லீக் கோப்பை வெல்வதற்கு! அந்த ஐந்து கோல்காரர் ஆடிய லெஸ்டர் சிட்டிதான் 2015-16இல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகை வென்றது. முந்தைய பருவத்தில் கீழ் லீகுக்குத் தள்ளப்படாமல் தப்பியதே பெரும்பாடாக இருந்த அணி. பருவத் தொடக்கத்தில் அது கோப்பை வெல்லும் என்று பணம் கட்டியவருக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகப் பந்தய நிறுவனங்கள் தைரியமாக அறிவித்தன. கடைசியில் லெஸ்டர் 81 புள்ளி. இரண்டாமிடம் வந்த ஆர்சனலைவிடப் பத்து அதிகம். ஜேமி வார்டி 24, ரியாத் மாரெஸ் 17 என்று கோல் கணக்கை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எதிரணிக்கு மூச்சுவிட நேரம் தராமல் பார்த்துக்கொண்டவர் ஒகஸாகி.

கேள்வி: மூச்சுவிட விடாமல் செய்வதென்றால்? சும்மா ஓடிக்கொண்டே இருந்தால் போதுமா?

பதில்: ஓடுகிற கோணத்தில்தான் எல்லாமே இருக்கிறது. எதிரணியின் தடுப்பாட்டக்காரரிடம் பந்து வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக அவர்மேல் பாய்ந்தால் பக்கத்தில் நிற்கும் நடுகள வீரருக்குத் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஒகஸாகி நேராகப் போகமாட்டார். சற்று வளைந்து, அந்த நடுகள வீரருக்குப் போகும் பாதையைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு வருவார். இனி பந்து வைத்திருப்பவருக்கு இரண்டே வழி. ஓரத்துக்குத் தள்ளினால் அங்கே மார்க் ஆல்பிரைட்டன் காத்திருப்பார். உயரத் தூக்கி அடித்தால் ராபர்ட் ஹூத், வெஸ் மோர்கன் என்ற இரண்டு மலைகள் தலையால் முட்டித் திருப்பி அனுப்பும்.

அதையும் மீறிப் பந்து தன்னைக் கடந்துவிட்டால், பெரும்பாலான ஃபார்வர்டுகள் கையை விரித்து நின்றுவிடுவார்கள். இவர் திரும்பிப் பின்னாலேயே துரத்துவார். முன்னால் லெஸ்டரின் நடுகள வீரர் கான்டே, முதுகுக்குப் பின்னால் ஒகஸாகி. பந்து வைத்திருப்பவர் பாவம்! தாளில் 4-4-2 என்று எழுதப்பட்ட லெஸ்டர், பந்து தன் காலில் இல்லாதபோது நடுகளத்தில் ஓர் ஆள் கூடுதலாக வைத்து ஆடிய ரகசியம் இதுதான். அந்தப் பருவத்தில் கான்டே அடைந்த புகழில் ஒரு பங்கு ஒகஸாகிக்குச் சேரவேண்டும் என்பது என் கட்சி. யார் மறுத்தாலும் வாதாடத் தயார்.

கேள்வி: அவ்வளவு அருமையானவரை லெஸ்டர் பயிற்சியாளர் ரனியேரி ஏன் பல ஆட்டங்களில் பாதியிலேயே வெளியே கூப்பிட்டார்?

பதில்: பாதியில் இல்லை, பெரும்பாலும் அறுபது எழுபது நிமிடத்துக்கு மேல். மற்றவர்கள் தொண்ணூறு நிமிடத்துக்குச் சேமித்துவைக்கும் மூச்சை இவர் அதற்குள் செலவழித்திருப்பார். அப்புறம் உயரமான லியோனார்டோ உய்யோவா இறங்குவார். அணிக்கு அது சரியான கணக்கு. ஆனால் ஒரு ஃபார்வர்டுக்கு ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடம் பொன்னான நேரம். எதிரணியின் கால்கள் தளர்ந்து, நடுவே இடைவெளிகள் திறப்பது அப்போதுதான். எதிராளிகளைக் களைக்கவைத்தவர் இவர். அந்தக் களைப்பில் கோல் அடிக்கும் வாய்ப்பு வேறொருவருக்கு. ஐந்து கோல் என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஐந்தில் உங்களுக்குப் பிடித்தது?

பதில்: யோசிக்கவே வேண்டாம். 2016 மார்ச் 14, நியூகாசிலுக்கு எதிராக. வார்டி தலையால் திருப்பிவிட்ட பந்து அந்தரத்தில் வருகிறது. ஒகஸாகியின் முதுகு கோலைப் பார்த்திருக்கிறது. அப்படியே பின்னால் சாய்ந்து பைசிக்கிள் கிக்! ஆட்டம் 1-0. நியூகாசிலின் புதிய பயிற்சியாளராக ரஃபா பெனிட்டஸ் பொறுப்பேற்ற முதல் ஆட்டம் அது. அந்த மார்ச், ஏப்ரலில் லெஸ்டர் தொடர்ந்து நான்கு ஆட்டங்களை இதே 1-0 என்ற கணக்கில் வென்றது. கோப்பை கைக்கு வந்ததே அந்த ஒற்றைக் கோல் வாரங்களில்தான்.

கேள்வி: பிறந்த ஊர்?

பதில்: தகராசுக்கா, ஹியோகோ மாகாணம். 1986 ஏப்ரல் 16. பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகக் குழுவுக்காக ஜப்பான் முழுக்கப் பெயர்பெற்ற ஊர்.

கேள்வி: தான் மெதுவாக ஓடுபவன் என்று அவரே புத்தகம் எழுதியிருக்கிறாராமே? துரத்தித் துரத்தியே பேர் வாங்கியவர் இப்படிச் சொல்லலாமா?

பதில்: எழுதினார். 2014இல் வந்த தன் புத்தகத்துக்கு ‘மந்தக் கால்கள் வாழ்க’ என்கிற பொருளில் தலைப்பும் வைத்தார். அது வெறும் தன்னடக்கம் இல்லை. 2005இல் ஷிமிசு எஸ்-பல்ஸ் கிளப்பில் சேர்ந்தபோது அங்கிருந்த ஃபார்வர்டுகள் வரிசையில் அவருக்குக் கடைசி இடம். உயரமும் இல்லை, 174 சென்டிமீட்டர்தான். அந்தக் கிளப்பில் ரியூஜி சுகிமோத்தோ என்ற ஓட்டப் பயிற்சியாளர் இருந்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக ஓடியவர். தொழில்முறைக் கால்பந்து வீரரான பிறகு, ஒகஸாகி அவரிடம் ஓடுவது எப்படி என்று முதலிலிருந்து கற்றுக்கொண்டார். இருபது வயதில், சம்பளம் வாங்கும் ஆட்டக்காரராக இருந்துகொண்டு, ‘எனக்கு ஓடத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்’ என்று போய் நிற்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அவர்மேல் எனக்குள்ள மதிப்பு அந்தச் செய்தியில் ஆரம்பித்தது, லெஸ்டரில் இல்லை.

கேள்வி: ஜெர்மனியில் கோல் மழை, இங்கிலாந்தில் தூறல். வயதாகிவிட்டதா?

பதில்: வயது இல்லை, வேலை மாறியது. ஜெர்மனியிலேயே அந்த வித்தியாசம் தெரியும். 2011 தொடக்கத்தில் ஸ்டட்கார்ட் அவரைச் சேர்த்துக்கொண்டு, பெரும்பாலும் ஓரத்தில் ஆடவிட்டது. இரண்டரை வருடத்தில் பத்து லீக் கோல்தான். 2013இல் மைன்ஸுக்குப் போனார். அங்கே பயிற்சியாளர் தாமஸ் டுகெல். ‘நடுவில் நில், கோலைப் பார்’ என்பதுதான் அங்கே அவருக்கு வேலை. முதல் பருவத்தில் 15 கோல், அடுத்ததில் 12. மைன்ஸ் பெரிய கிளப் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பயர்ன் மாதிரி ஓர் ஆட்டத்துக்குப் பத்து வாய்ப்பு உருவாக்கித் தரும் அணி இல்லை.

2015 ஜூனில் லெஸ்டர் வந்தது. ஒப்பந்தம் முடிந்த சில நாளிலேயே பயிற்சியாளர் நைஜல் பியர்சன் வேலையை இழந்தார். புதிதாக வந்த ரனியேரி ஒகஸாகியை வார்டிக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தினார். அதே ஆள், அதே கால்கள்.

கேள்வி: வேலை மாறியதில் அவருக்குச் சந்தோஷமா?

பதில்: இல்லை. அவரைப் பற்றிப் பேசுகிற பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. ‘எவ்வளவு உழைப்பு, எவ்வளவு தியாகம்’ என்று உலகமே பாராட்டியது. அவருக்கு வேண்டியது கோல். மைன்ஸில் 27 கோல் அடித்துவிட்டு வந்தவரிடம், ‘நீ ஓடு, அடிப்பதை அடுத்தவர் பார்த்துக்கொள்வார்’ என்றால் வலிக்காதா? லெஸ்டரில் நான்கு பருவம், 114 லீக் ஆட்டம், 14 கோல். கடைசிப் பருவத்தில் லீகில் ஒன்றுகூட இல்லை. ஸ்ட்ரைக்கராக ஆட வேண்டும் என்ற ஆசையை வெளிப்படையாகவே சொல்லிவிட்டு, 33 வயதில் ஸ்பெயினுக்கு, அதுவும் இரண்டாம் டிவிஷனுக்குப் போனார்.

ஒருவர் நன்றாகச் செய்வதும் அவர் செய்ய விரும்புவதும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ‘தியாகி’ என்று பட்டம் கொடுத்தால் மனம் நிறைந்துவிடும் என்றும் நினைக்கிறோம். ஒகஸாகி அந்த வேலையை அரைமனதாகச் செய்ததே இல்லை. அதே சமயம் அதுவே போதும் என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டும் சேர்ந்த மனிதரைத்தான் நான் கொண்டாடுகிறேன்.

கேள்வி: ஸ்பெயினில் ஒரு கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டு ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பிவிட்டதாமே?

பதில்: மலகா. 2019 கோடையில் ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்பெயினில் ஒவ்வொரு கிளப்பும் ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று லீகே வரம்பு விதிக்கும். பணச் சிக்கலில் இருந்த மலகாவால் அந்த வரம்புக்குள் அவர் பெயரைப் பதிவுசெய்ய முடியவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தமே ரத்து. நல்லவேளை, உடனே உவெஸ்கா கூப்பிட்டது. மலையடிவாரத்துச் சின்ன ஊர், சின்னக் கிளப். அங்கே 12 கோல் அடித்தார். உவெஸ்கா இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்து லா லீகாவுக்கு ஏறியது. எனக்கு லெஸ்டர் கோப்பைக்கு ஈடான சந்தோஷம் அது. ஆசைப்பட்ட இடத்தில் நின்று, ஆசைப்பட்டதைச் செய்தார். அடுத்த பருவம் லா லீகாவில் ஒரே கோல், அணியும் கீழே இறங்கியது. அதனால் அந்தப் பன்னிரண்டு குறைந்துவிடாது.

கேள்வி: ஒகஸாகியா, ஜப்பான் அணியில் அவரோடு ஆடிய ககாவாவா? ஒருவரைத்தான் சொல்லலாம்.

பதில்: பந்து நம் காலில் இருந்தால் ககாவா. எதிராளி காலில் இருந்தால் ஒகஸாகி. ஒரே அணியில் இருவரையும் வைத்து ஆட ஜப்பானுக்குக் கொடுத்துவைத்திருந்தது. பிரீமியர் லீக் கோப்பை வென்ற முதல் ஜப்பானியர் ககாவா, 2013இல் மான்செஸ்டர் யுனைடெட்டோடு. அடுத்தவர் நம் ஆள்.

கேள்வி: ஜப்பான் தேசிய அணிக்கும் ஓடிக்கொண்டே இருந்தாரா?

பதில்: அங்கே அடித்துக்கொண்டே இருந்தார்! 119 ஆட்டம், 50 கோல். ஜப்பானின் ஆண்கள் அணியில் அவருக்கு முன்னால் இருவர்தான்: குனிஷிகே கமமோத்தோ 75, கசுயோஷி மியுரா 55. 2010 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்றது எந்தக் கோலால் தெரியுமா? 2009 ஜூனில் தாஷ்கண்டில், உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக. அவர் அடித்ததைக் கோல்கீப்பர் தடுத்தார். திரும்பி வந்த பந்தின்மேல் கீழே விழுந்தபடி தலையைக் கொடுத்தார். 1-0, ஜப்பான் தென்னாப்பிரிக்கா போனது. அங்கே டென்மார்க்கை 3-1 என்று வென்றதில் மூன்றாவது கோல் இவருடையது. 2011 ஆசியக் கோப்பையில் சவுதி அரேபியாவுக்கு எதிராக ஹாட்ரிக். அந்தக் கோப்பையும் ஜப்பானுக்கே. 2014இல் பிரேசிலில் கொலம்பியாவிடம் 4-1 என்று உதைபட்ட நாளில் அந்த ஒற்றைக் கோலும் இவர் பாய்ந்து தலையால் முட்டியதுதான். ‘வாழ்நாள் முழுக்க டைவிங் ஹெட்’ என்பது அவர் வைத்திருக்கும் கொள்கை வாசகம். கால் எட்டாத பந்துக்குத் தலையைக் கொடுப்பவரை எந்த நாட்டு ரசிகன் நேசிக்கமாட்டான்?

கேள்வி: இப்போது என்ன செய்கிறார்?

பதில்: கார்த்தஹேனா, அப்புறம் பெல்ஜியத்தின் சிந்த்-த்ருய்டன் என்று ஆடிவிட்டு 2024இல், 38 வயதில், ஓய்வுபெற்றார். ஊருக்குப் போய் தொலைக்காட்சியில் உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மைன்ஸில் ஆடிய காலத்தில், 2014இல், ஒரு நண்பரோடு சேர்ந்து அங்கே பசாரா மைன்ஸ் என்ற சிறு கிளப்பைத் தொடங்கியிருந்தார். ஜெர்மனியின் அடிமட்ட லீகில் ஆரம்பித்துப் படிப்படியாக மேலேறிய கிளப். ஐரோப்பாவில் இடம் தேடி வரும் ஜப்பானிய இளைஞர்களுக்கு அது ஒரு வாசல். ஓய்வுபெற்ற கையோடு அந்தக் கிளப்புக்கே பயிற்சியாளராகிவிட்டார்.

கேள்வி: அவருடைய அணியில் ஃபார்வர்ட் கோல் அடிக்க வேண்டுமா, ஓட வேண்டுமா?

பதில்: இரண்டும் செய்யச் சொல்வார் என்று நினைக்கிறேன். எழுபதாவது நிமிடத்தில் அந்தப் பையனை வெளியே கூப்பிடமாட்டார் என்றும் நம்புகிறேன்.