19.6-ஆவது வளைவிலிருந்து ஒரு விண்ணப்பம்

மாண்புமிகு திருவிழாத் தள்ளுபடித் துறைத் தலைவர் அவர்களின் திருச்சமூகத்துக்கு,

'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று இன்று காலை தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி கிடைக்கப் பெற்றேன். தீர்வு என்ற இடத்தில், 'கருவி காட்டிய பாதையை வாடிக்கையாளர் பின்பற்றவில்லை' என்று ஒரே வரி. மறுக்க முடியாத உண்மை ஐயா. கொல்லிமலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், தங்களிடம் வாங்கி என் பைக்கில் மாட்டிய ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவி 'நேராகச் செல்லவும்' என்றது. நேராக இருந்தது பள்ளம். நான் வண்டியைத் திருப்பிவிட்டேன். சொன்னபடி போயிருந்தால் இந்தப் புகாரே தங்களுக்கு வந்திருக்காது. தங்கள் துறையின் சாதனைப் பட்டியலில் ஒரு கரும்புள்ளி வைத்தவன் நான்தான்.

வளைவில் தடுமாறி நின்றபோது மேலிருந்து பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் படியில் தொங்கியபடி என் ஹேண்டில்பாரில் மின்னிக்கொண்டிருந்த பெட்டியை எட்டிப் பார்த்தார். "நேரா போனீங்கன்னா நேரா மேலதானுங் தம்பி போவோணும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. தங்கள் பொருளுக்கு ஓட்டுநர் உட்பட அத்தனை பேரும் அன்று நேரடிச் சாட்சி.

முதலில் எனக்கும் புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததும் தங்கள் மேதைமை விளங்கியது. அட்டைப்பெட்டியில் போட்ட விலை 24,999 ரூபாய். தீபாவளிச் சலுகையில் 72 சதவீதம் தள்ளி 6,999. விலையில் மட்டும் தள்ளுவது சில்லறைக் கடைக்காரன் புத்தி. தாங்கள் எல்லாவற்றிலும் தள்ளியிருக்கிறீர்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் 72 சதவீதம் போக மீதி 19.6. அந்த 19 வளைவுகளைக் கருவி அழகாகவே காட்டியது. பிரச்சினை எல்லாம் அந்த 0.6-இல்தான்.

அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு சொல்கிறது. அந்த வில்லைத் தங்களிடம் வாங்கியிருந்தால் 1.4 விலங்கு விழுந்திருக்கும். யானையும், புலியின் முன்னங்கால்கள் வரைக்கும். மிச்சப் புலி ஓரியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

செயற்கைக்கோள்மீது பழி போடலாம் என்று தங்கள் தொழில்நுட்பப் பிரிவு அன்பர் சாட்டில் ஒரு யோசனை சொன்னார். 'மலையில் சிக்னல் இருக்காது சார்.' பாவம், 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அதற்குக் காரவள்ளியும் தெரியாது, காளப்பநாயக்கன்பட்டியும் தெரியாது. தான் எங்கே இருக்கிறேன், மணி என்ன என்று மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். நான்கு செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவது கருவியின் வேலை. வழியைச் சொல்வது அதற்குள் தாங்கள் ஏற்றிவைத்த வரைபடம். நான்கில் 72 சதவீதம் தள்ளினால் 1.12 செயற்கைக்கோள்தான் மிஞ்சும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று திரையில் ஒன்பது தெரிந்தன. வானத்தில் தள்ளுபடி இல்லை ஐயா. பெட்டிக்குள்தான்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது தேதியைப் பார்த்தபோது தெரிந்தது. 2025 தீபாவளிக்கு வந்த கருவி, 2006 மார்ச் என்று காட்டியது. அதன் கணக்கில் ஜெயலலிதா அம்மையார்தான் முதல்வர்; சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஜிபிஎஸ் வாரங்களை 1,023 வரை எண்ணிவிட்டு மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இப்போது எத்தனையாவது சுற்று என்று மென்பொருள்தான் புரிந்துகொள்ள வேண்டும். புதுப்பிக்காமல் கிடங்கில் கிடந்த சரக்கு ஒரு சுற்று, அதாவது 1,024 வாரம், பின்னால் போய் நின்றுகொள்ளும். 1,024 வாரம் என்பது எத்தனை ஆண்டு தெரியுமா? 19.6. இதைக் கண்டுபிடித்த இரவில் எழுந்து நின்று தங்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன். வளைவிலும் 19.6, வருஷத்திலும் 19.6. இப்படி ஒரு நேர்த்தியை நான் எந்தத் துறையிலும் கண்டதில்லை.

வரைபடமும் அந்தக் காலத்ததுதான். 2010-இலேயே எண் மாறி 44 ஆகிவிட்ட சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையை அது இன்னமும் 'என்.எச். 7' என்கிறது. 'ஆயுட்கால இலவச வரைபடப் புதுப்பிப்பு' என்று அட்டையில் தங்க எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். புதுப்பிக்கப் போனால் 'இந்த மாடலுக்கு ஆதரவு முடிந்துவிட்டது' என்கிறது. நான் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே ஆயுள் முடிந்திருக்கிறது. நீர்புகாத் தரம் ஐபிஎக்ஸ்7 என்றும் போட்டிருந்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது அந்தத் தரம். மலைமேல் செம்மேட்டில் அன்று பெய்தது பூந்தூறல்தான். எட்டு நிமிடச் சொச்சத்தில் திரைக்குள் ஆவி படர்ந்தது. கண்ணாடிக்கு அடியில் ஒரு சொட்டு இடதும் வலதுமாக ஓடி, கடைசியில் எங்கள் ஊர் இருக்கும் மூலையில் தங்கிவிட்டது. அரை மணியில் 72 சதவீதம் தள்ளிப் பாருங்கள். 8.4 நிமிடம். இனி கணக்குச் சொல்ல மாட்டேன், தாங்களே போட்டுக்கொள்வீர்கள்.

போனையே மாட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடுகிறது. கையுறை போட்டால் விரலுக்கு மசியாது. பெரிய மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்தது. என் புல்லட் அதிர்வதை நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பைக்குக்கென்றே செய்த கார்மின் ஜூமோ, டாம்டாம் ரைடர் விலையைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்குப் பழைய வண்டி ஒன்றே வாங்கிவிடலாம். அப்போதுதான் தங்கள் இணையப் பக்கத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது: 'சலுகை முடிய 09:59. இன்னும் 2 மட்டுமே மீதம்.' வாங்கிய பிறகு சும்மா அதே பக்கத்தைத் திறந்தேன். 09:59. இன்னும் 2 மட்டுமே மீதம். இந்தப் பொய் அவசரத்தையும் சேர்த்து 13 தில்லுமுல்லுகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே பட்டியல் போட்டுத் தடை செய்தது. தங்கள் கருவியின் நாட்காட்டிப்படி அதற்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது என்பதால் மன்னித்துவிட்டேன்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 'எங்கள் பிரதிநிதி வந்தார். வீட்டில் யாரும் இல்லை' என்று செய்தி வந்தது. தீபாவளி முடிந்த வாரம், வீடு கொள்ளாத கூட்டம், நான் திண்ணையில். எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் பையனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, என் லிஸ்ட்லயே உங்க பேரு இல்லண்ணே" என்றான்.

வராத ஆளை வந்ததாக எழுதுகிறீர்கள். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் தலையில் அந்தப் பொய்யைக் கட்டுகிறீர்கள். அந்தக் கருவியை இருட்டில், பின்னால் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு, வழி தெரியாத ஒருவன் நம்பிப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? அதற்கும் 'பயனர் தவறு' என்றுதானே? காலாவதியான மாத்திரையை விற்றால் கடைக்குப் பூட்டுப் போடுகிறார்கள். உங்களுக்கு விளம்பரத்தில் நடிகர் வந்து ஆடுகிறார்.

மன்னிக்கவும். மலைக்காற்று பட்டதிலிருந்து கொஞ்சம் இரத்த அழுத்தம். தங்கள் திருவடி தொழுது விஷயத்துக்கு வருகிறேன்.

சமாதானமாக ஒரு கூப்பன் அனுப்பியிருந்தீர்கள். அடுத்து வாங்கும் ஹெல்மெட்டுக்கு 72 சதவீதம் தள்ளுபடி. தங்கள் அன்பு நெகிழவைக்கிறது. ஆனால் என் மண்டை முழுசாக இருக்கிறது. அதில் எந்தப் பகுதியை மறைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை. கூப்பனைத் தங்கள் குடும்பத்தாருக்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் கோரிக்கை சிறியது. மூடிய புகாரைத் திறந்து, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்துவிட்டேன். பணம் அனுப்பும்போது மட்டும் தயவுசெய்து தங்கள் துறையைக் கலந்தாலோசிக்க வேண்டாம். 6,999 என்றால் 6,999.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் தங்கள் வாடிக்கையாளன்